ஒழுக்கமா, அறமா? அம்பேத்கர் கடன் வாங்கிய ஒரு சொல்லின் கதை

தமிழில் 'தத்துவம்' என்கிற சொல் கொஞ்சம் பாவப்பட்டது. பழைய கேசட் கடைகளில் காதல் பாடல்கள், பக்திப் பாடல்கள் என்று அடுக்கியிருக்கும் வரிசையில் 'தத்துவப் பாடல்கள்' என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் சாவைப் பற்றியும் ஏமாந்துபோனதைப் பற்றியும். டீக்கடையில் ஒருவர் நீளமாக இழுத்தால் "தத்துவத்தை ஆரம்பிச்சுட்டாரு" என்று எழுந்து போய்விடுவார்கள். பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரில் ஒரு துறை இருப்பது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கே பாதிப்பேருக்குத் தெரியாது. இவற்றையெல்லாம் தாண்டி இன்னொரு தத்துவம் உண்டு. சட்டம் சொல்லிவிட்டால் ஒன்று நியாயமாகிவிடுமா, பெரும்பான்மை கேட்டால் எதை வேண்டுமானாலும் செய்துவிடலாமா, ஒரே பந்தியில் உட்கார மாட்டேன் என்பவன் ஒரே வரிசையில் நின்று ஓட்டு மட்டும் போட்டால் அதற்கு ஜனநாயகம் என்று பெயரா என்பது மாதிரியான கேள்விகளை வகுப்பறைக்கு வெளியே, பாதிக்கப்படுகிறவர்கள் காதில் விழும்படி, அவர்களும் பதில் சொல்லும்படி பேசுவது. இதைத்தான் பொதுத் தத்துவம் என்கிறார்கள்.

அது ஜனநாயகத்துக்கு எதற்கு என்று பொதுப்படையாக எழுதினால் பேச்சுப்போட்டிக் கட்டுரை மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் 'கான்ஸ்டிடியூஷனல் மொராலிட்டி'. இன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் அடிக்கடி அடிபடுகிற இந்தச் சொல்லை இந்திய அரசியலுக்குள் பெரிய அளவில் கொண்டுவந்தவர் அம்பேத்கர். அதற்குத் தமிழில் சிலர் அரசியலமைப்பு அறம் என்கிறார்கள், சிலர் அரசியலமைப்பு ஒழுக்கம் என்கிறார்கள். எதைப் போட்டால் என்ன என்று நானும் நினைத்திருந்தேன். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது.

1948 நவம்பர் 4. அரசியலமைப்புச் சட்டத்தின் வரைவை அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் முன்வைத்துப் பேசுகிறார். 315 பிரிவுகள், 8 அட்டவணைகள். வரைவு எட்டு மாதமாக மக்கள் பார்வையில் இருந்ததால் குறை சொல்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒரு குறை, இதில் ஏறக்குறைய பாதி வெள்ளைக்காரன் போட்ட 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எடுத்ததுதானே என்பது. இன்னொன்று, அதிகாரிகள் நியமனம், நிர்வாக விவரம் என்று சில்லறைச் சமாச்சாரங்களையெல்லாம் ஏன் அரசியலமைப்பில் எழுதிவைக்க வேண்டும், பின்னால் வருகிற சட்டமன்றம் பார்த்துக்கொள்ளாதா என்பது. கடன் வாங்கியதற்காக நான் வெட்கப்படவில்லை என்று முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிட்டார். இரண்டாவதற்குப் பதில் சொல்லத்தான் அந்தச் சொல்லை எடுத்தார். அரசியலமைப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், நிர்வாகத்தின் வடிவத்தை மட்டும் மாற்றி அதன் உயிரை எடுத்துவிட முடியும் என்றார் (இதை இன்றைக்குப் படித்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது). நிர்வாக விவரங்களைச் சட்டமன்றத்தை நம்பி விட்டுவிடலாம்தான், எப்போது என்றால் மக்களிடம் அந்த 'கான்ஸ்டிடியூஷனல் மொராலிட்டி' ஊறிப்போயிருந்தால். நம்மிடம் அது இன்னும் இல்லை. அது இயல்பாக வருகிற உணர்ச்சி இல்லை, வளர்த்தெடுக்க வேண்டியது. இந்தியாவில் ஜனநாயகம் என்பது, அடிப்படையில் ஜனநாயகமற்ற ஒரு மண்ணின் மேல் போட்ட 'டாப் டிரெஸ்ஸிங்' என்று முடித்தார்.

இந்தக் கடைசிச் சொல்லை 'மேற்பூச்சு' என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். சுவரில் அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி. ஆனால் அவர் மண் என்று சொல்லியிருக்கிறார். விவசாயத்தில் அதற்குப் பெயர் மேலுரம். உழும்போதே அடியுரம் போட்டு, பயிர் பிடித்த பிறகு மேலே தூவுவது. அடியுரம் சரியாக இல்லாத வயலில் மேலுரத்தை மட்டும் வாரி இறைத்தால் பயிர் கொஞ்ச நாள் பச்சைப் பசேலென்று நிற்கும், கதிர் பிடிக்கும்போது தெரிந்துவிடும். பூச்சு என்றால் ஏமாற்று என்ற பொருள் வந்துவிடுகிறது. மேலுரம் என்றால் மண்ணைத் தயார் செய்கிற வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

சரி, அந்தச் சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது? ஜார்ஜ் குரோட் என்ற ஆங்கிலேயரிடமிருந்து. இவர் பேராசிரியர் இல்லை. குடும்ப வங்கியில் வேலை பார்த்தவர், பல்கலைக்கழகப் படியேறாதவர், 1832 முதல் 1841 வரை லண்டன் மாநகரத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், ரகசிய வாக்குச்சீட்டு வேண்டும் என்று அவையில் திரும்பத் திரும்பக் கேட்டுத் தோற்றுக்கொண்டே இருந்தவர். அரசியலைவிட்டு விலகிய பிறகு 1846க்கும் 1856க்கும் இடையில் 12 தொகுதிகளாகக் கிரேக்க வரலாறு எழுதினார். அதுவரை இங்கிலாந்தில் ஏதென்ஸ் ஜனநாயகம் என்றால் கும்பலாட்சி என்றுதான் படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாமானியனுக்கு ஓட்டுரிமை கொடுத்தால் ஏதென்ஸ் கதிதான் என்று பயமுறுத்துவதற்கு அது வசதியாக இருந்தது. குரோட் அந்தக் கதையைத் திருப்பிப் போட்டார். 2,300 வருடத்துக்கு முந்திய ஊரைப் பற்றி எழுதினாலும் அவர் பேசிக்கொண்டிருந்தது தன் ஊர்க்காரர்களிடம்தான்.

கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனிஸ் என்பவர் ஏதென்ஸை மாற்றியமைத்த இடத்தில்தான் குரோட் அந்தச் சொல்லை விளக்குகிறார். கிளைஸ்தனிஸ் செய்தது சுவாரசியமானது. குலம், வம்சம் என்று பிரிந்துகிடந்தவர்களைக் கலைத்து, கடற்கரைப் பகுதியில் கொஞ்சம், நகரத்தில் கொஞ்சம், உள்நாட்டில் கொஞ்சம் என்று எடுத்துக் கோத்துப் பத்துப் புதுப் பிரிவுகளாக்கினார். ஒருவரை அப்பன் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டாமல் அவர் பதிவாகியிருக்கும் ஊர்ப்பிரிவின் பெயரால் அழைக்கச் சொன்னார், புதிதாகக் குடியுரிமை பெற்றவன் யாரென்று பெயரை வைத்தே காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. இதை ஓரமாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அங்கேயும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைக்க வேண்டும். நாம் குடவோலை முறை என்று மார்தட்டும்போது, உத்திரமேரூர்க் கல்வெட்டு போட்டிருக்கும் தகுதிப் பட்டியலை, அதாவது வரி கட்டுகிற சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேத அறிவு என்பதையெல்லாம் மெல்ல விழுங்கிவிடுகிறோமே, அந்த மாதிரி விழுங்கிவிடக் கூடாது.

குரோட் சொன்னதும், அம்பேத்கர் அவையில் அப்படியே வாசித்துக்காட்டியதும் இதுதான், என் சொற்களில் சொல்கிறேன். அரசியலமைப்பின் முறைகளுக்கு எல்லாவற்றுக்கும் மேலான மரியாதை வேண்டும். அந்த முறைக்குள் நின்று ஆணையிடுகிறவருக்குக் கட்டுப்பட வேண்டும். அதே நேரம் அவர் பொதுவில் செய்கிற எல்லாவற்றையும் தயவு தாட்சண்யம் இல்லாமல் விமர்சிக்கவும் வேண்டும். கட்டுப்படுவதும் கிழிப்பதும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதே கஷ்டம். அதைவிடக் கஷ்டம் கடைசியாக வருவது: கட்சிச் சண்டை எவ்வளவு கசப்பாக இருந்தாலும், எனக்கு இந்த முறைகள் எவ்வளவு புனிதமோ அதே அளவுக்கு என் எதிரிக்கும் புனிதம் என்கிற நம்பிக்கை ஒவ்வொரு குடிமகன் நெஞ்சிலும் இருக்க வேண்டும். தேர்தலில் தோற்றவன் ஐந்து வருடம் கழித்து மறுபடி நிற்கலாம் என்று வீட்டுக்குப் போகிறானே, அவன் போவது இந்த நம்பிக்கையில்தான். இது பெரும்பான்மையிடம் மட்டும் இருந்தால் போதாது, சமூகம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும், ஏனென்றால் பிடிவாதமும் பலமும் உள்ள ஒரு சிறு கூட்டம் நினைத்தால்கூடத் தான் ஜெயிக்க முடியாவிட்டாலும் மற்றவர்களை நடத்தவிடாமல் செய்துவிட முடியும்.

இதைக் கேட்டால் உங்களுக்கு அறம் என்று தோன்றுகிறதா, ஒழுக்கம் என்று தோன்றுகிறதா? இன்றைக்கு ஒழுக்கம் என்றால் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்பது, அல்லது பெண்களை வேவு பார்ப்பது என்று சுருங்கிப்போய்விட்டது. ஆனால் 'ஒழுகுதல்' என்பதிலிருந்து வந்த சொல் அது, நடந்துகொள்வது, நாள்தோறும் பழகிப் பழகி வருவது. வள்ளுவர் உயிரைவிட மேலாகக் காப்பாற்றச் சொன்னது அதைத்தான். குரோட் பேசுவதும் பழக்கத்தைப் பற்றி. எது நல்லது எது கெட்டது என்று பட்டியல் போட்டுத் தருவது அவர் நோக்கமாக இல்லை.

அம்பேத்கர் இதில் இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொண்டிருந்தார். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவருக்குப் பாடம் சொன்ன அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி. ஜனநாயகம் ஓர் ஆட்சிமுறை மட்டுமில்லை, முதலில் அது சேர்ந்து வாழ்கிற ஒரு முறை என்பது டூயியின் வாதம். 1936இல் சாதி ஒழிப்பு பற்றி அம்பேத்கர் எழுதிய உரையில் இந்த வாக்கியம் ஏறக்குறைய அப்படியே, மேற்கோள் குறிகூட இல்லாமல் வருகிறது, அவ்வளவு தூரம் அது அவருடையதாக ஆகிவிட்டிருந்தது. 1952 ஜூனில் கௌரவப் பட்டம் வாங்க அவர் கொலம்பியா போனபோது டூயி இறந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

அந்த 1936 உரையின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று தலைமையுரைக்கு அழைத்தது, உரையை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பயந்து சில பகுதிகளை எடுக்கச் சொன்னது, ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்றார், மாநாடே நின்றுபோனது. அவர் சொந்தச் செலவில் 1,500 பிரதி அடித்து எட்டணா விலை வைத்தார். காந்தி 'ஹரிஜன்' இதழில் அதற்கு மறுப்பு எழுதும்போது, எட்டணா அதிகம், இரண்டணா ஆக்கலாம், குறைந்தது நாலணாவாவது ஆக்கலாம் என்றும் ஒரு வரி எழுதினார். எனக்கு இந்த வரி ரொம்பப் பிடிக்கும். கருத்தில் முழுக்க எதிர்ப்பு, ஆனாலும் இது இன்னும் நிறையப் பேர் கைக்குப் போக வேண்டும் என்கிறார். பொதுத் தத்துவத்துக்கு விலைப்பட்டியலும் முக்கியம். இரண்டே மாதத்தில் 1,500ம் தீர்ந்தது. அடுத்த பதிப்பின் முன்னுரையில், குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, மராத்தியிலும் இந்தியிலும் வந்துகொண்டிருக்கிறது என்கிறார். அவருடைய தாய்மொழிக்கு முன்னால் தமிழுக்கு வந்துவிட்டது. காரணம் ஈரோட்டில் பெரியாரின் 'குடிஅரசு' இருந்தது, அது தமிழாக்கத்தைத் தொடராக வெளியிட்டது.

1949 நவம்பர் 25ஆம் தேதி உரையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லோரும் மேற்கோள் காட்டுகிற உரைதான். அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்கிற முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்றது அதில்தான். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் உங்கள் சுதந்திரத்தை வைத்துவிடாதீர்கள் என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லைத் துணைக்கு அழைத்து, மதத்தில் பக்தி ஆன்மாவைக் கரையேற்றலாம், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில்தான் கொண்டுபோய் விடும் என்றதும் அதில்தான். மில் காலடி என்று உருவகமாகச் சொன்னார். தமிழ்நாட்டில் நாம் அதை நேரடியாகவே எடுத்துக்கொண்டு விழுந்து கும்பிட்டோம்.

அப்புறம் அந்தச் சொல்லுக்கு என்ன ஆயிற்று? ஏறக்குறைய 60 வருடம் அதைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை. 2009 ஜூலை 2ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஏ.பி. ஷாவும் (அதற்கு முன் சென்னையில் தலைமை நீதிபதியாக இருந்தவர்) நீதிபதி முரளிதரும் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்பு எழுதும்போது அது மறுபடி எழுந்து நின்றது. இது பொது ஒழுக்கத்துக்கு விரோதம் என்பது அரசுத் தரப்பின் வாதங்களில் ஒன்று. நேரத்துக்கு நேரம் மாறுகிற மக்கள் ஒழுக்கத்தைக் காட்டி ஒருவருடைய அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது, ஏதாவது ஒழுக்கத்தைக் காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அது அரசியலமைப்பின் மதிப்பீடுகளிலிருந்து வருகிற ஒழுக்கமாக இருக்க வேண்டும் என்றார்கள், அம்பேத்கரின் 1948 உரையை எடுத்துப் போட்டார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் இதைத் தூக்கியெறிந்தது. பாதிக்கப்படுகிறவர்கள் மிக மிகச் சிறுபான்மை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. அதே மாதம் 28ஆம் தேதி, எல்லா வயதுப் பெண்களும் கோயிலுக்குள் போகலாம் என்ற சபரிமலைத் தீர்ப்பு. அதிலும் இந்தச் சொல் நடுநாயகமாக இருந்தது.

தன்பாலின உறவு குற்றமில்லை என்றானதில் எனக்கு முழு மகிழ்ச்சி, அந்தத் தீர்ப்பின் முடிவில் ஒரு எழுத்தோடும் சண்டையில்லை. ஆனால் வழியில் சொல் இடம் மாறிவிட்டது, கவனித்தீர்களா? 1948இல் அது குடிமகனும் கட்சிக்காரனும் ஆட்சியாளனும் பழக வேண்டிய நடத்தை. 2018க்கு வரும்போது அது நீதிபதி கையில் இருக்கிற அளவுகோல், மக்கள் நம்புகிற ஒன்றை வைத்து அளந்து தள்ளுபடி செய்கிற கருவி. ஒழுக்கம் அறமாகிவிட்டது. அதனால்தான் ஆளுக்கொரு விதமாக அதை எடுக்க முடிகிறது. சபரிமலை வழக்கில் நான்கு நீதிபதிகள் பெண்களை அனுமதிக்க இந்தச் சொல்லைச் சொன்னார்கள், மாறுபட்ட நீதிபதி இந்து மல்ஹோத்ராவும் இதே சொல்லைச் சொல்லித்தான், ஒவ்வொருவரும் தம் நம்பிக்கைப்படி வழிபட விடுவதே பல மதங்கள் உள்ள நாட்டில் அரசியலமைப்பு ஒழுக்கம் என்றார். மத்திய அரசின் அன்றைய தலைமை வழக்கறிஞர் (அட்டர்னி ஜெனரல்) கே.கே. வேணுகோபால் அந்த வருடக் கடைசியில் பொதுமேடையிலேயே, இது ஆபத்தான ஆயுதம், இது செத்துப்போனால் நல்லது என்கிற அளவுக்குப் பேசினார். 2019 நவம்பரில் சபரிமலைச் சீராய்வில் பெரிய அமர்வுக்கு அனுப்பிய கேள்விகளில், மதச் சுதந்திரப் பிரிவுகளில் வருகிற 'ஒழுக்கம்' என்பதற்குள் அரசியலமைப்பு ஒழுக்கமும் அடங்குமா என்பதும் ஒன்று.

வேணுகோபால் சொன்னதை நான் ஏற்கவில்லை. நீதிமன்றம் பேசாமல் இருந்திருந்தால் 377இல் தலைமுறைகள் போயிருக்கும். என் குறை வேறு. நீதிபதி பேசிவிட்டார், இனி நாம் பேச வேண்டியதில்லை என்று படித்த வர்க்கம் அந்தச் சொல்லை நீதிமன்றத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. 2019 ஜனவரி 2ஆம் தேதி விடியற்காலையில் இரண்டு பெண்கள் போலீஸ் காவலோடு சபரிமலைக்குள் போனார்கள், உடனே நடையைச் சாத்திச் சுத்திகரிப்புச் சடங்கு நடத்தினார்கள், மறுநாள் கேரளம் முழுக்கக் கடையடைப்பு. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்று சொன்ன ஒன்று கோயில் வாசலில் அந்த நிலைமையில் இருந்தது. 'சமூகம் முழுக்கப் பரவ வேண்டும்' என்று குரோட் சொன்ன பாதியை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

எதிர்த்திசையில் போன ஒரு கதையும் இருக்கிறது, அது நம் ஊர்க்கதை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போடக் கூடாது, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், திருமணத்துக்கும் விலகலுக்கும் ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்றெல்லாம் தீர்மானம் போட்டார்கள். போட்டவர்களிடம் ஆட்சி இல்லை, நீதிமன்றம் இல்லை, எண்ணிக்கைகூடப் பெரிதாக இல்லை. பத்திரிகையும் மேடையும்தான் இருந்தன. பத்திரிகையைச் சலூனிலும் படிப்பகத்திலும் எழுத்துத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். மேடையில் மூன்று மணி நேரம் பேசுவார்கள், கீழேயிருந்து துண்டுச்சீட்டில் கேள்வி வரும், பதில் சொல்லியாக வேண்டும். நான் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரியார் திரும்பத் திரும்பச் சொல்வார். (அந்த மேடையின் வாரிசுகள் பிறகு ஆளுயரக் கட்-அவுட்டுக்குப் பாலூற்றியது தனிக்கதை.)

பெயர் விஷயத்தைப் பாருங்கள். பெயரோடு சாதியைச் சேர்க்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் ஒரு தலைமுறை போட்டுக்கொண்டிருந்ததை அடுத்த தலைமுறை வெட்கப்பட்டு விட்டுவிட்டது. இன்று ஒரு முதலெழுத்து, ஒரு பெயர், அவ்வளவுதான், அரசியல்வாதியாக இருந்தால் ஊர்ப்பெயரும் சேரும். கிளைஸ்தனிஸ் செய்ய நினைத்த அதே காரியம்! அங்கே அரசாணை, இங்கே வெறும் பேச்சும் கேலியும் பழக்கமும். சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. பெயரில் விட்டதைக் கையில் கட்டுகிற கலர் கயிற்றிலும் கல்யாண மண்டப பேனரிலும் மறுபடி பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனாலும் பொது இடத்தில் சாதியைச் சொல்லிக்கொள்வது அநாகரிகம் என்கிற எண்ணம் வந்தது பாருங்கள், அதுதான் அம்பேத்கர் சொன்ன அர்த்தத்தில் வளர்த்தெடுத்த ஒழுக்கம்.

சுயமரியாதைத் திருமணம் இன்னும் தெளிவான உதாரணம். 1920களின் கடைசியிலிருந்தே புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். சட்டப்படி செல்லுமா என்று தெரியாமலேயே ஆயிரக்கணக்கான ஜோடிகள். பந்தல் போட்டு ஊரைக் கூட்டி நடக்கும், தாலி கட்டுவதைவிட வாழ்த்துரை நீளம், அந்த வாழ்த்துரையில் பெண்ணடிமையும் சொத்துரிமையும் சாதியும் எல்லாம் வரும், சாப்பாட்டுக்காக வந்த பெரியப்பாவும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். கல்யாண வீட்டையே தத்துவ வகுப்பாக்கியவர்கள் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கும் இல்லை, தொன்றுதொட்டு வந்த வழக்கமும் இல்லை, ஆகவே இப்படி நடந்த திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது. அந்த நொடியில் எத்தனை பெண்கள் மனைவி இல்லை என்றானார்கள், எத்தனை பிள்ளைகளுக்குச் சொத்தில் கேள்வி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் நடத்துவதை நிறுத்தவில்லை. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம், அடுத்த வருடத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர், அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், இவரை நான் கணவனாக, மனைவியாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை, அல்லது மோதிரம், அல்லது தாலி. அந்த 'அல்லது'களில்தான் 40 வருட மேடைப்பேச்சு உட்கார்ந்திருக்கிறது. ஏற்கெனவே நடந்த திருமணங்களும் செல்லும் என்றது சட்டம். செங்கல்பட்டின் சொத்துரிமைத் தீர்மானத்துக்கு இன்னும் நேரம் பிடித்தது: தமிழ்நாட்டில் 1989, நாடு முழுக்க 2005.

இங்கே வரிசை தலைகீழ். முதலில் வாதம், அப்புறம் பழக்கம், அதற்கு நீதிமன்றத்தின் எதிர்ப்பு, கடைசியாகச் சட்டம். மெதுவானது, நடுவில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குக் கொடுமையானது, அதை மறைத்துப் பேச முடியாது. 377இல் சிக்கியவர்களிடம் போய் நீங்களும் 40 வருடம் காத்திருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 7-ஏவை எடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் தேர்தலில் நின்றதாக எனக்கு ஞாபகமில்லை. எதிர்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளே அதில் பதிவு செய்துகொள்கிறார்கள்.

ஆனால் எப்படிச் செய்துகொள்கிறார்கள் என்பதும் இருக்கிறது. ஊரைக் கூட்டி நடக்க வேண்டிய கல்யாணத்தை வழக்கறிஞர் அறையில் நாலு பேர் வைத்து ரகசியமாக நடத்தினால் அது செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. சுயமரியாதைத் திருமணம் என்றாலே அறிவிப்பு, கூட்டம், பகிரங்கம் என்கிற வரலாற்றைப் பார்த்தால் அதில் ஒரு தர்க்கம் இருப்பது போலத்தான் தெரியும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வீட்டில் எதிர்ப்பும் உயிருக்குப் பயமும் இருக்கிற ஜோடியிடம் பகிரங்கமாகத்தான் செய்ய வேண்டும் என்று கேட்பது அவர்களை ஆபத்தில் தள்ளுவது என்றது. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துப் பக்கம், அத்தனை பேர் பார்க்க ஒரு ஜோடியை வெட்டியதைப் பார்த்தவர்களுக்கு அதில் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, எதிர்ப்பவனும் வந்து கேட்கட்டும் என்று ஆரம்பித்த கல்யாணம். இப்போது அதே 7-ஏ பிரிவில் ஒரு பெண்ணும் பையனும் நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில் மாடியறையில், செல்போனை அணைத்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவருக்கொருவர் புரிகிற மொழியில் அந்த இரண்டு வாக்கியத்தை மெல்லச் சொல்லிக்கொள்கிறார்கள்.